மைதானத்தின் சொந்தக்காரர்கள்

கொச்சி கலூர் ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கப் போய்க் கிளம்பிய சர்ச்சை, பாலக்காட்டிலும் மூணாறு மலையிலும் வேறு வேறு குரலில் ஒலிக்கிறது

பாலக்காட்டில் 'ஸ்டேடியம்' என்றால் பஸ் ஸ்டாண்டு. பொள்ளாச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வரும் பஸ்ஸில் கண்டக்டர் "ஸ்டேடியம், ஸ்டேடியம்" என்று குரல் கொடுத்ததும் எழுந்திருப்பவர்களில் பந்தாடப் போகிறவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஆஸ்பத்திரி, கோர்ட், ஜவுளிக்கடை, கல்யாண வீடு என்று ஆளுக்கொரு காரியம். இந்திரா காந்தி பெயரிலான நகராட்சி ஸ்டேடியம் பக்கத்தில்தான் இருக்கிறது. தன் பெயரை பஸ் ஸ்டாண்டுக்குக் கொடுத்துவிட்டு அது ஒதுங்கி நிற்கிறது.

ஊர் தன்னுடையது என்று நினைக்கும் மைதானம் வேறு. ஹைதர் அலி 1766இல் எடுத்துக் கட்டிய கோட்டைக்கு முன்னால் விரிந்து கிடக்கும் கோட்டை மைதானம். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. கருங்கல் மதில், தண்ணீர் தேங்கிய அகழி, உள்ளே ஓர் ஆஞ்சநேயர் சன்னிதி. வெளியே மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எத்தனை கிரிக்கெட் ஆட்டம் நடக்கிறது என்று எண்ணிச் சொல்வது கஷ்டம். ஓர் ஆட்டத்தின் மிட் விக்கெட் அடுத்த ஆட்டத்தின் ஸ்லிப்பில் நிற்கிறார். எந்தப் பந்து யாருடையது என்பதில் தகராறு வராமல் இருப்பது பழக்கத்தால்தான். தேர்தல் வந்தால் கட்சிகளுக்கும் இதுவே கூட்டத் திடல். சாயங்காலம் கல்பாத்தி அக்ரகாரத்துப் பெரியவர்களும் கோட்டையைச் சுற்றி நடக்க வருவார்கள்.

2025 அக்டோபர் கடைசியில் இங்கே ஓரமாக உட்கார்ந்திருந்த இளைஞர் கூட்டத்தின் பேச்சு, 140 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இன்னொரு மைதானத்தைப் பற்றியதாக இருந்தது. கொச்சி கலூரில் உள்ள ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். நவம்பர் 17ஆம் தேதி அர்ஜென்டினாவும் ஆஸ்திரேலியாவும் அங்கே ஆடுவதாக இருந்தது. மெஸ்ஸி வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அக்டோபர் 25ஆம் தேதி, நவம்பரில் ஆட்டம் இல்லை, ஃபிஃபாவின் அனுமதி தாமதமாகிறது என்று ஆட்டத்தின் ஸ்பான்சர் அறிவித்துவிட்டார். அதற்குள் ஸ்டேடியத்தில் வேலை தொடங்கியாகிவிட்டது.

கேரளத்தின் கால்பந்துப் பித்து பற்றித் தமிழகத்தில் இருப்பவர்களுக்குச் செய்தியாகத்தான் தெரியும். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு மாவட்டத்துப் புல்லாவூரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கு ஆளுயரத்தைப்போல் பல மடங்கு கட்-அவுட் வைத்தார்கள். பிறகு நெய்மருக்கும் வைத்தார்கள். எல்லைப்புறத் தமிழர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் வீட்டு மொழி தமிழ், ஆபீஸ் மொழி மலையாளம், கால்பந்து மொழி ஸ்பானிஷ் என்று சொல்லலாம். கேரளா பிளாஸ்டர்ஸும் சென்னையினும் மோதினால் இவர்கள் எந்தப் பக்கம் என்று கேட்டால் சங்கடப்படுவார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. 2014 டிசம்பர் 13 அன்று கலூரில் நடந்த ஐ.எஸ்.எல். அரையிறுதியில் 60,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் சென்னையினை பிளாஸ்டர்ஸ் 3-0 என்று தோற்கடித்ததை மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் தமிழில் விலாவாரியாக விவரித்தார். சினிமாவில் விஜய், மைதானத்தில் மஞ்சள். இரண்டுக்கும் இடையில் அவருக்கு முரண்பாடே தெரியவில்லை.

அவருக்கு உறுத்தியது வேறு. கலூருக்குப் போய் ஆட்டம் பார்க்க இவர்களுக்கு ஒரு நாள் போய் வரும் செலவும், கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவஸ்தையும் உண்டு. இருந்தாலும் அதை 'நம்ம கிரவுண்டு' என்றுதான் சொல்கிறார். அந்த 'நம்ம' என்ற வார்த்தைக்கு ஏதாவது பத்திரம் உண்டா என்பதுதான் கலூர் சர்ச்சையின் சாரம்.

பாலக்காட்டிலிருந்து கொச்சி போகும் சாலையில் குதிரான் மலையை இப்போது சுரங்கப் பாதை வழியாகக் கடந்துவிடலாம். 2021இல் முதல் குழாய் திறந்தது. அதற்கு முன்பு இந்த மலையேற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் நின்ற மணிக்கணக்கு ஒவ்வொரு பாலக்காட்டுக்காரரின் ஆயுள் கணக்கிலும் இருக்கிறது. திருச்சூர், சாலக்குடி, ஆலுவா. ஆலுவாவில் மெட்ரோ ஏறினால் ஸ்டேடியம் வாசலிலேயே இறங்கலாம். அந்த ஸ்டேஷனே 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு மூன்று நாள் முன்பு, 2017 அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்டது. ஒரு விளையாட்டு ஊருக்கு வந்தால் என்னென்ன அவசரமாக நடக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம், நல்ல உதாரணம்தான்.

மெட்ரோ படியிறங்கிப் பார்த்தால் ஸ்டேடியம் வட்டமாக, பிரம்மாண்டமாக, கொஞ்சம் களைத்துப்போய் நிற்கிறது. 1996இல் இதைக் கட்டியது விளையாட்டுத் துறை அல்ல, ஜி.சி.டி.ஏ. எனப்படும் கொச்சி வளர்ச்சி ஆணையம். நம் ஊர் சி.எம்.டி.ஏ. மாதிரி. வீட்டு மனையும் கடை வளாகமும் போட்டு விற்கிற அமைப்பு கட்டியதால் அந்தப் புத்தி கட்டடத்திலேயே தெரிகிறது. கேலரிகளுக்கு அடியில் வட்டம் முழுக்கக் கடைகள், ஹோட்டல்கள், அலுவலகங்கள். வருடத்தில் ஆட்டம் நடப்பது சில நாள், வாடகை வருவது பன்னிரண்டு மாதம் என்ற கணக்கு. கேலிக்காகச் சொல்லவில்லை. ஆட்டம் இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கும் எத்தனையோ அரசு ஸ்டேடியங்களுக்கு நடுவே, இங்கே தினமும் ஜனம் புழங்கியதற்குக் காரணம் அந்தக் கடைகள்தான். பிரியாணி சாப்பிட வந்தவன் கேலரியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவான்.

அதன் பலனாகவே உரிமை கோருபவர்கள் பெருகினார்கள். முதலில் கால்பந்து: 1997இல் நேரு கோப்பை இங்கே நடந்தது. பிறகு கிரிக்கெட் குடியேறியது. 1998 ஏப்ரல் 1ஆம் தேதி ஆஸ்திரேலியாவுக்கு எதிராக சச்சின் டெண்டுல்கர் 5 விக்கெட் எடுத்தது இங்கேதான். 2005இல் பாகிஸ்தானுக்கு எதிராக மறுபடியும் 5 விக்கெட் எடுத்ததும் இங்கேதான். மட்டையால் புகழ்பெற்ற மனிதர் ஒரே ஊரில் இரண்டு முறை பந்தால் ஜெயித்ததை கொச்சிக்காரர்கள் தங்கள் மண்ணின் மகிமையாகவே சொல்வார்கள். 2014 அக்டோபரில் வெஸ்ட் இண்டீஸ் அணி ஆடிய ஒருநாள் ஆட்டத்தோடு சர்வதேச கிரிக்கெட் இங்கிருந்து விடைபெற்றது. அதே வாரத்தில் ஐ.எஸ்.எல். தொடங்கியது. மைதானம் மஞ்சளானது.

உலகக் கோப்பை வந்தபோது முதல் பலி கடைக்காரர்கள். கேலரிக்கு அடியில் அடுப்பெரிய, மேலே ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது பாதுகாப்பல்ல என்று ஃபிஃபா சொன்னதில் நியாயம் உண்டு. பார்வையாளர் எண்ணிக்கையே 29,000 அளவுக்குக் குறைக்கப்பட்டது. கடைக்காரர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். இழப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி, 2017 செப்டம்பர் கடைசியில் கடைகளைக் காலி செய்ய வைத்தது நீதிமன்றம். பிரேசிலும் ஸ்பெயினும் ஆடின. பிரேசில் 2-1 என்று வென்றது. ஊர் கொண்டாடியது. மைதானத்தின் பேரில் வாடகைச் சீட்டு வைத்திருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான் என்பதையும், முதலில் வெளியே போகச் சொன்னது அவர்களைத்தான் என்பதையும் அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அடுத்த வருடம் புல்லுக்குச் சண்டை. 2018 நவம்பர் 1ஆம் தேதி நடக்கவேண்டிய இந்தியா - வெஸ்ட் இண்டீஸ் ஒருநாள் ஆட்டத்தைத் திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கு மாற்றக் கேரள கிரிக்கெட் சங்கம் முயன்றது. உலகக் கோப்பைக்காகப் பல மாதம் வளர்த்த புல்லைப் பெயர்த்துப் பிட்ச் போட வேண்டியிருக்கும். இந்தியக் கால்பந்து அணித் தலைவர் சுனில் சேத்ரி, பிளாஸ்டர்ஸ் வீரர்கள் இயன் ஹியூம், சி.கே. வினீத் என்று ஆரம்பித்த எதிர்ப்பு சில நாளில் ஊர்ப் பிரச்சினையாகிவிட்டது. அப்போது பிளாஸ்டர்ஸின் பங்குதாரராக இருந்த டெண்டுல்கரே புல்லைக் காப்பாற்றச் சொன்னார். திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர் தன் ஊர் ஆட்டத்தைக் காக்கக் களமிறங்கினார். கடைசியில் ஆட்டம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியத்திலேயே நடந்தது. வெஸ்ட் இண்டீஸ் 104 ரன்னுக்குச் சுருண்டது. மதியத்துக்கு மேல் போட்டி என்று ஒன்று இல்லாமல் போனதால் அதற்காகவா இத்தனை சண்டை என்று தோன்றும். ஆனால் புல்லுக்காக ஒரு நகரம் தெருவில் பேசியது இந்தியாவில் அடிக்கடி நடப்பதல்ல. மக்கள் சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை கலூரில் அன்றைக்குப் பிறந்தது.

2024 டிசம்பர் 29 அந்த நம்பிக்கையை வேறு பக்கம் திருப்பியது. சுமார் 12,000 பேர் ஒன்றாக பரதநாட்டியம் ஆடி கின்னஸ் சாதனை படைக்க ஸ்டேடியம் வாடகைக்கு விடப்பட்டது. கேலரியில் அவசரமாகப் போட்ட மேடையிலிருந்து திருக்காக்கரை எம்.எல்.ஏ. உமா தாமஸ் சுமார் 15 அடி கீழே விழுந்து படுகாயமடைந்தார். பல வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். யார் வாடகைக்கு விட்டது, யார் மேடையைப் பார்வையிட்டது, யார் பொறுப்பு என்ற கேள்விகள் அன்று எழுந்தன. பத்து மாதம் கழித்து அதே கேள்விகள் பெரிய உருவில் வந்தன.

ஏனெனில் 2025இல் நடந்தது வாடகை அல்ல, கைமாறல். ஆணையம் ஸ்டேடியத்தைப் புதுப்பிப்பதற்காக ஒப்படைத்தது. மாநில அரசின் ஸ்போர்ட்ஸ் கேரளா ஃபவுண்டேஷன் நடுவில் இருந்தது. வேலையைச் செய்ய முன்வந்தது அர்ஜென்டினாவை அழைத்து வருவதாகச் சொன்ன தனியார் ஒளிபரப்பு நிறுவனம். சுமார் 70 கோடி ரூபாய் செலவு என்று அவர்கள் தரப்பில் சொன்னார்கள். இலவசமாகப் புது ஸ்டேடியம் கிடைக்கிறதே என்ற சந்தோஷம் ஆரம்பத்தில் பலருக்கு இருந்தது உண்மை. ஆட்டம் இல்லை என்று ஆனதும் ஒப்பந்தம் எங்கே என்று கேட்டார்கள். எர்ணாகுளம் எம்.பி. ஹைபி ஈடன் கேட்டார். எதிர்க்கட்சித் தொண்டர்கள் கேட்டார்கள். வளாகத்தில் மரங்கள் வெட்டப்பட்டது பற்றிப் புகார் கிளம்பியது. ஸ்டேடியத்துக்குள் நுழைந்து பார்த்த காங்கிரஸார் மீது வழக்குப் போட்டார்கள். பொதுச் சொத்துக்குள் பொதுமக்கள் அத்துமீறி நுழைந்ததாக வழக்கு!

மலையாளப் பத்திரிகைகள் இந்த வேலையை 'நவீகரணம்' என்று எழுதின. மொழிபெயர்ப்பவனுக்கு இது ஒரு சின்ன முள். தமிழில் 'புதுப்பித்தல்' என்று போடலாம்; நம் பத்திரிகைகள் 'சீரமைப்பு' என்றும் 'மேம்பாடு' என்றும் போடும். புதுப்பித்தால் பழையதன் சொந்தக்காரர் மாறுவதில்லை. சீரமைத்தால் முன்பு சீராக இல்லை என்று அர்த்தம். மேம்பாடு என்று சொல்லிவிட்டால் எதிர்ப்பவன் கீழ்ப்பாட்டை விரும்புகிறவன் ஆகிவிடுகிறான். கலூரில் யாரும் பழைய நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. நாற்காலியும் மாறட்டும், விளக்கும் மாறட்டும், கழிவறை கட்டாயம் மாறட்டும் என்றுதான் சொல்கிறார்கள். மாற்றுகிறவர் நாளைக்கு என்ன கேட்பார் என்பதே கேள்வி.

வளாகத்தில் காலை நடை வருபவர்கள், சின்ன கிளப்புகளின் பயிற்சிக்கு மகனைக் கூட்டி வருபவர்கள், ஓரமாக இளநீர் விற்பவர் என்று இன்னொரு கூட்டம் உண்டு. ஒப்பந்தம், எதிர் ஒப்பந்தம், கிரிக்கெட் சங்கம், பிளாஸ்டர்ஸ், எதிலும் இவர்கள் பெயர் வராது. தூண்களுக்கு அருகே தகரத் தடுப்பும் மண் குவியலுமாக இருந்த இடத்தைக் காட்டி, இங்கேதான் நிழல் இருந்தது என்றார் ஒரு பெரியவர். ஃபிஃபா பற்றியோ மெஸ்ஸி பற்றியோ அவருக்குப் புகார் இல்லை. நடப்பதற்கு வேறு வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

மெஸ்ஸி பிறகு டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தார், கேரளத்துக்கு அல்ல. டிசம்பர் 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் பிரமுகர்கள் அவரைச் சூழ்ந்துகொள்ள, காசு கொடுத்து வந்தவர்கள் அவரைப் பார்க்க முடியாமல் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். டெல்லியில், 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய, இதே நேரு பெயருள்ள ஸ்டேடியத்தை இடித்து விளையாட்டு நகரம் அமைக்கும் யோசனை நவம்பரில் வெளியானது. சென்னை சேப்பாக்கத்தில் ஐ, ஜே, கே கேலரிகள் 2011இல் கட்டப்பட்டு, விதிமுறைத் தகராறில் பல வருடம் ஆளில்லாமல் நின்று 2023இல்தான் முழுதாகத் திறந்தன. தொலைக்காட்சியில் அந்த வெற்று நாற்காலிகளைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. எங்கேயும் கட்டுவதற்கு முன் ஊரைக் கேட்கும் வழக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

சொந்தக்காரர் யார் என்பதில் சந்தேகமே இல்லாத ஒரு மைதானத்தையும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எர்ணாகுளத்திலிருந்து மூணாறு பஸ் கோதமங்கலம் தாண்டியதும் காடு ஆரம்பிக்கிறது. பெரியாற்றின் மேல் 1935இல் திறந்த நேரியமங்கலம் பாலம். அதற்கப்புறம் வளைவும் அருவியுமாக அடிமாலி. நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மேலே ஏற ஏற பஸ்ஸில் மலையாளம் குறைந்து தமிழ் கூடுகிறது. கடைசி பத்து கிலோமீட்டரில் திருநெல்வேலித் தமிழும் மதுரைத் தமிழும் கலந்த எஸ்டேட் தமிழ்தான்.

மூணாறில் தரை யாருடையது என்பது பழைய கதை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். பிறகு ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி, 1964இல் டாடாவுடன் கூட்டு, 1983இல் டாடா டீ, 2005இல் தொழிலாளர்களும் பங்குதாரர்களான கே.டி.எச்.பி. கம்பெனி. கேரள அரசு 1971இல் தனிச் சட்டம் போட்டு உபரி நிலத்தைத் திரும்ப எடுத்தாலும், தேயிலை நிற்கும் நிலம் கம்பெனியிடமே தங்கியது. தொழிலாளி இருக்கும் லயம் கம்பெனியுடையது. பிள்ளைகள் பந்தாடும் மைதானமும் பெரும்பாலும் கம்பெனியுடையது.

ஆனால் அந்த மைதானங்களில் ஆட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. எஸ்டேட்டுகளுக்கு இடையே நடக்கும் ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டி 1940களில் தொடங்கியது. கம்பெனியின் பெயர் எத்தனை முறை மாறினாலும் கோப்பையின் பெயர் மாறவில்லை. பழைய மூணாறு மைதானத்தில் இறுதி ஆட்டம் என்றால் எஸ்டேட்டுகளிலிருந்து ஜீப்பிலும் டிராக்டரிலும் ஜனம் இறங்கும். தேயிலை கிள்ளும் அக்காமார்களும் வருவார்கள். தம் எஸ்டேட் கோல்கீப்பரை அவர்கள் திட்டுவதைக் கேட்க வேண்டும். எந்த வர்ணனையாளருக்கும் அந்த வேகம் வராது.

கலூரில் பொது ஆணையத்தின் மைதானத்துக்கு வெளியே ஜனம் நிற்கிறது. மூணாறில் கம்பெனி மைதானத்துக்கு உள்ளே ஜனம் ஆடுகிறது. இதைப் பார்த்துவிட்டு கம்பெனியே மேல் என்று முடிவு கட்டுவது சுலபம். தவறும்கூட. எஸ்டேட் பையன் மைதானத்தில் ஆடுவது உரிமையால் அல்ல, அப்பாவோ அம்மாவோ அங்கே வேலை பார்ப்பதால். வேலை முடிந்து ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை இங்கேயே பிறந்து இறந்த குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இருக்காது. 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தபோது, 20 சதவீத போனஸ் என்ற கோரிக்கைக்கு அடியில் இந்த வீட்டுக் கவலையும் இருந்தது.

இன்னொரு நெருக்கடி சுற்றுலா. சீசனில் மூணாறு டவுனில் வண்டி நகராது. கார் நிறுத்த இடம் தேடும் எவர் கண்ணிலும் முதலில் படுவது சமதளமாக இருக்கும் மைதானம்தான். மலையில் வேறு சமதளம் ஏது? ஒரு பார்க்கிங், ஒரு சாகச விளையாட்டுத் திடல், ஒரு ஹோட்டல் என்று யாராவது எழுந்து திட்டம் போட்டால் அதற்கும் 'மேம்பாடு' என்றுதான் பெயர் வைப்பார்கள். அப்போது எதிர்க்க எம்.பி. வருவாரா, டெண்டுல்கர் வருவாரா? 1956இல் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் என்று தமிழகத்திலும் கேரளத்திலும் எத்தனையோ பேர் பேசினார்கள். எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசிய அளவுக்கு, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களின் காலடி நிலத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

தமிழிலும் மலையாளத்திலும் களம் என்ற சொல் ஒன்றுதான். நெல் அடிப்பதும் களம், பந்தாடுவதும் களம். பாலக்காட்டுப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் வரப்பை வெட்டிச் சமன் செய்து ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்' கால்பந்து நடத்துவார்கள். வயல்காரர் சம்மதித்தால் போதும்; அடுத்த மழைக்குள் ஆட்டம் முடிந்து களம் மறுபடி வயலாகிவிடும். அந்த ஏற்பாட்டில் காகிதம் இல்லாததால் யாருக்கும் நஷ்டம் இல்லை, ஏனெனில் வயலுக்கு வேறு ஆசைகள் வரவில்லை. கலூருக்கு ஆசைகள் வந்துவிட்டன. மூணாறுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட் மைதானத்தில் சனிக்கிழமை மாலை ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் லயங்களின் தகரக் கூரை. கோல் போஸ்ட் எஸ்டேட் கொடுத்தது, வலை பையன்கள் காசு போட்டு வாங்கியது. வலையை மட்டும் ஆட்டம் முடிந்ததும் கழற்றி எடுத்துப் போய்விடுவார்கள். கலூருக்கு அர்ஜென்டினா வருவதாக இருந்ததே, போவதாக இருந்தீர்களா என்று ஓரத்தில் நின்ற பையனிடம் கேட்டேன். டிக்கெட்டுக்கு அண்ணன் காசு சேர்த்தான் சார், இப்போ அதில் பூட்ஸ் வாங்கிட்டான் என்றான். அண்ணன் யார் என்று கேட்டதற்கு மைதானத்தின் மறுகோடியைக் காட்டினான். அதற்குள் மூடுபனி இறங்கி அந்தப் பக்கத்துக் கோல் போஸ்ட்டே தெரியவில்லை. ஆட்டத்தை அவர்கள் நிறுத்தவில்லை. பந்து போன திசையைக் கத்திச் சொல்லிக்கொண்டே ஆடினார்கள்.